அத்தியாயம் 3: வண்டியையே வீடாக்கிக்கொள்ளலாமா?

கேரவன் என்றால் நம் ஊரில் பலருக்கும் சினிமாப் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். அந்த வண்டியில் சில மணி நேரம் ஓய்வெடுப்பதும் வருடம் முழுவதும் குடியிருப்பதும் முற்றிலும் வேறு. இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது. பணி ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளியூரில் நிலைத்துவிட, "இவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு எதற்கு இருக்க வேண்டும்?" என்று யோசிக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். மடிக்கணினியே அலுவலகமாகிவிட்டதால் வாடகை கொடுத்து ஒரே ஊரில் இருப்பானேன் என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இது பொருந்தும்.

எந்த வண்டி வாங்குவது என்ற கேள்வியை அடுத்த அத்தியாயத்துக்கு ஒதுக்கிவிட்டேன். அதற்கு முன் யோசிக்க வேண்டியது, நாம் குடியிருக்கும் வீடு நமக்காகச் சத்தமில்லாமல் என்னென்ன வேலை செய்கிறது என்பது. நிழல் தருகிறது. தண்ணீரைக் கொண்டுவருகிறது, கழிவைக் கொண்டுபோகிறது. மின்சாரம், விலாசம், அக்கம்பக்கம், நல்லது கெட்டதுக்கு உறவு கூடும் இடம் எல்லாம் அதுதான். வீட்டை விட்டால் இந்த வேலைகள் நின்றுவிடாது. ஒவ்வொன்றும் உங்கள் தலையில் வந்து விழும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வண்டியில் முழுநேரம் வாழ முடியும். ஆனால் தரையில் ஒரு பிடியை விடாமல் வைத்திருப்பவர்களுக்கே அது நிலைக்கும். ஏன் என்பதற்குக் குடுமியான்மலையை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் குடுமியான்மலை?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர். ஒரு குன்று, அதன் அடிவாரத்தில் சிகாநாதசுவாமி கோயில், பாறையைக் குடைந்த மேலைக்கோயில், அதன் பக்கத்துப் பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ஸ்வரங்களை ஏழு பகுதிகளாக வகுத்துப் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்; ஏழாம் நூற்றாண்டையொட்டியது என்பது அறிஞர் பலரின் கருத்து. குன்றின் மேலே அறுபத்துமூவர் சிற்பங்கள். கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலச் சிலைகள். காரில் வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சித்தன்னவாசலுக்குக் கிளம்பிவிடுவார்கள். வண்டியில் வாழ்கிறவருக்குக் கிடைக்கும் பேறு இங்கேதான் இருக்கிறது: சாய்வெயில் எழுத்துகளின் மேல் விழும் வேளை பார்த்துப் போகலாம், மறுநாளும் போகலாம், ஒரு மண்டபத் தூணுக்கு ஒரு பொழுதை முழுதாகக் கொடுக்கலாம்.

இதை உரைகல் ஆக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது ஊட்டியோ கொடைக்கானலோ போல விடுதிகளை நம்பி நிற்கும் ஊர் இல்லை. விவசாய ஊர். அண்ணா பண்ணையும் 2014-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. கோடை கடுமையானது. நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. தமிழ்நாட்டில் நீங்கள் வண்டியை நிறுத்தப்போகும் ஊர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். மலைவாசத் தலத்தில் ஜனவரி மாதம் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு, மே மாதக் குடுமியான்மலையில் நிற்காது.

ஏற்கெனவே சக்கரத்திலும் காலிலும் வாழ்பவர்கள்

அமெரிக்காவில் இந்த வாழ்க்கைக்கென்றே கட்டமைப்பு வளர்ந்திருக்கிறது. பணம் கட்டி நிறுத்தும் பூங்காக்களில் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுக் குழாய் மூன்றும் வண்டி நிற்கும் இடத்துக்கே வரும். குளிர்காலத்தில் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றி வண்டி வீடுகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகின்றன. நம் பக்கத்தில் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் ஒரு கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அதுவும் விடுமுறைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடுதான். வருடம் முழுக்கக் குடியிருக்க நினைக்கும் தமிழர் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

நாம் பாடம் கேட்க வேண்டியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையோடு புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் வரும் கீதாரிகளைப் பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரமாகிறது. அதற்கு நிலத்துக்காரர் நெல்லோ பணமோ தருகிறார். மழைக்காலம் வந்தால் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இன்னொரு கூட்டம். ஆந்திரம், கர்நாடகம், வடமாநிலங்கள் என்று போர் போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் வண்டியோடு சமைத்து, வண்டியோடு படுத்து வாழ்கிறார்கள். அவர்களுக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம் வீடும் குடும்பமும் இருக்கின்றன.

இரு கூட்டத்தாரும் இரண்டு விதிகளைக் கற்றுத் தருகிறார்கள். ஒன்று, போகும் ஊருக்கு அவர்களால் ஏதோ ஒரு பயன் இருக்கிறது. அதனால் அந்த ஊர் இடம் கொடுக்கிறது. இரண்டு, திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அலைந்து பழகியவர்களே இந்த இரண்டையும் விடவில்லை என்றால், புதிதாக வண்டி ஏறுகிற நாம் விடலாமா?

வெயில்: உடம்புக்கு நிழல், தகட்டுக்குச் சூரியன்

மே மாதம், குன்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணி வரை சுகம். பத்து மணிக்குக் கூரைத் தகடு காய ஆரம்பிக்கும். வெளியே 40 டிகிரி என்றால், கதவு சன்னல் அடைத்த வண்டிக்குள் 50-ஐயும் தாண்டும். அதனால் புளியமரத்து நிழலுக்கு வண்டியை நகர்த்துவீர்கள். உடனே அடுத்த சிக்கல்: கூரை மேல் பொருத்திய சூரியத் தகடுகளும் நிழலுக்குள் போய்விடும். உங்களுக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். வண்டி விற்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. கூரையில் சில தகடுகளும், கழற்றி வெயிலில் வைக்கக்கூடிய சில தகடுகளும், அவற்றுக்குப் பத்து மீட்டருக்குக் குறையாத நல்ல கனமான வயரும் வைத்துக்கொள்வதுதான் வழி.

மின்சாரக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 600 வாட் தகடுகள் நல்ல வெயிலில், இழப்பு போக, ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை யூனிட் தரும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ அதே அளவைச் சேமிக்கலாம். 30 வாட் மின்விசிறிகள் இரண்டு பகலும் இரவும் ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். வண்டிக்கென்று செய்த சிறிய ஃபிரிட்ஜ் அரை யூனிட் எடுக்கும். விளக்கு, போன், மடிக்கணினி போக மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரு டன் ஏ.சி.யை இரவு எட்டு மணி நேரம் ஓட்ட ஐந்து யூனிட் வரை வேண்டும். சூரிய ஒளியை மட்டும் நம்பி ஏ.சி. போட்டுத் தூங்கலாம் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கே கலைத்துவிடும். வெளி மின்சாரம் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஜெனரேட்டர் ஓட்ட வேண்டும். நள்ளிரவில் ஜெனரேட்டர் ஓடினால் அந்த ஊரில் மறுநாள் உங்களுக்கு நல்ல பேர் இருக்காது.

இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். குன்றின் அடிவாரம் கண்ணுக்கு அழகு. ஆனால் பாறை பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். பாறையை விட்டு விலகி, காற்றோட்டமான மேட்டில் நிறுத்துங்கள். தென்னை மரத்தடி ஆகாது. மட்டையும் காயும் விழும்.

ஏ.சி. இல்லாமல் மே மாதத்தைக் கடக்க முடியாது என்பது உங்கள் உடம்பு சொல்லும் தீர்ப்பு என்றால், அதை மதியுங்கள். கோடையில் மலைப்பக்கம் போய்விடுவது ஒரு வழி. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் வீட்டுக்குத் திரும்பிவிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் குறைவு ஒன்றுமில்லை.

தண்ணீரும் கழிவும்

கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. வண்டியில் அதில் பாதியைக் கொண்டு வாழப் பழக வேண்டும். இருவர், ஆளுக்கு 25 லிட்டர் என்றால் 200 லிட்டர் தொட்டி நான்கு நாள் வரும். 200 லிட்டர் என்பது 200 கிலோ பாரம் என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய தொட்டி வைத்தால் நாள் கூடும். டயரும் டீசலும் அதற்கு விலை கொடுக்கும்.

ஆட்டோவிலேயே வீடு கட்ட முடியும் என்று காட்டியவர் கட்டடக் கலைஞர் அருண் பிரபு. ஆட்டோ ஒன்றின் மேல் 36 சதுர அடியில், சுமார் ஒரு லட்ச ரூபாய்ச் செலவில், படுக்கை, அடுப்படி, கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரியத் தகடு எல்லாவற்றையும் அடக்கிக் காட்டினார். இடநெருக்கடியைத் திறமையால் வெல்லலாம் என்பதற்கு அது சான்று. அந்தத் தொட்டியைத் தினம் தினம் எங்கே நிரப்புவது, கழிவை எங்கே கொட்டுவது என்பதற்கு மட்டும் எந்த வடிவமைப்பும் விடை தராது. அது ஊரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

குடிநீருக்குக் கேன் தண்ணீர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவத் தண்ணீர் வேண்டுமே? தோப்புக்காரரின் பம்புசெட்தான் சிறந்த வழி. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும் பெண்களுக்கு முன்னால் 200 லிட்டர் தொட்டியோடு போய் நிற்பது அநியாயம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புப் படியும். வடிகட்டியையும் ஷவரையும் மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சப்படாமல் பேசியாக வேண்டும். கழற்றி எடுக்கும் வகைக் கழிவுப் பெட்டி சுமார் 20 லிட்டர் கொள்ளும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதைக் கண்மாயிலோ ஓடையிலோ வயல்வரப்பிலோ ஊற்றுவது அந்த ஊருக்குச் செய்யும் துரோகம். மூடிய செப்டிக் டேங்கோடு இணைந்த கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும்; அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். "யாரிடமாவது நூறு ரூபாய் கொடுத்தால் சுத்தம் செய்துவிடுவார்கள்" என்ற நினைப்பே வேண்டாம். மனித மலத்தை மனிதர் கையால் அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத் தகாத செயல். உங்கள் கழிவுப் பெட்டியை உங்கள் கையாலேயே தூக்கிப் போய்க் கொட்டிக் கழுவ முடியுமா? தம்பதியில் இருவருக்கும் இதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் புத்தகத்தை இங்கேயே மூடிவிடலாம். முழுநேர வண்டி வாழ்க்கை உங்களுக்கு வேண்டாம்.

மழையும் புயலும்

2018 நவம்பர் 16-ஆம் தேதி கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த உள்பகுதிகளிலும் மரங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாளானது. வெயிலுக்கு அருமருந்தாக இருந்த அதே மரம் புயலில் எமனாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரத்தடி நிறுத்தம் கூடாது. வானிலை எச்சரிக்கை வந்தால் கான்கிரீட் கட்டடத்தில் தங்க ஓர் ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். மண்ணையும் பாருங்கள். கண்மாய் உள்வாயின் வண்டல் மண், காய்ந்திருக்கும்போது தரை மாதிரி இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் நான்கு டன் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். டிராக்டர் கொண்டு இழுத்தால்தான் வெளியே வரும்.

விலாசமும் சட்டமும்

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், காப்பீடு எல்லாமே ஒரு விலாசத்தின் மேல் நிற்கின்றன. "நகர்ந்துகொண்டே இருக்கிறேன்" என்பதை எந்தப் படிவமும் ஏற்காது. சொந்த வீட்டை விற்பதாக இருந்தால், விலாசத்துக்கு என்ன செய்வது என்பதை விற்பதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள். ஓய்வூதியர்கள் வருடாந்திர உயிர்வாழ்வுச் சான்றை இப்போது இணைய வழியிலேயே கொடுக்கலாம் என்பது ஒரு நிம்மதி. ஆனால் நீதிமன்ற அறிவிப்போ வரி அறிவிப்போ தபாலில் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும்.

வண்டி தொடர்பாக மறக்கக் கூடாதவை:

* பழைய டிராவலர் ஒன்றை வாங்கி, தெரிந்த பட்டறையில் கட்டிலும் அடுப்பும் வைத்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.
* மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி கட்டி ஒப்புதல் பெற்ற வண்டியை வாங்குங்கள். ஆர்.சி.யில் வண்டி எந்த வகை என்று பதிவாகியிருக்கிறது என்பதை முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.
* சொந்த உபயோகத்துக்கான வண்டியை இடையிடையே வாடகைக்கு விடக் கூடாது. அதற்குத் தனிப் பதிவும் பர்மிட்டும் எஃப்.சி.யும் வேண்டும்.
* ஒரே வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.
* 7,500 கிலோ மொத்த எடை வரை இலகுரக வாகன உரிமம் போதும். அதற்கு மேல் கனரக உரிமம் வேண்டும்.
* 55 வயதைத் தாண்டியவர்களுக்கு உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்றும் தர வேண்டும். தம்பதியில் இருவருக்கும் வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது அவசியம்.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

குடுமியான்மலை மாதிரி ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடம் இந்தக் கேள்வி வரும். "எந்த ஊருங்க? யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" இதில் சந்தேகமும் இருக்கும், அக்கறையும் இருக்கும். "சும்மா வந்தோம், வண்டியிலேயே இருக்கோம்" என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். "திருச்சிங்க. வாத்தியார் தோப்புல ஒரு பத்து நாள் இருக்கோம். தலைவர்கிட்ட சொல்லியிருக்கோம்ணே" என்று சொல்ல முடிந்தால், "அப்படியா, பாலு கீலு வேணும்னா சொல்லுங்க" என்று அடுத்த வார்த்தை வரும். இரவு ஒரு மணிக்கு நெஞ்சு வலித்தால் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழிகாட்டி முன்னால் பைக்கில் போகிறவரும் இவராகத்தான் இருப்பார்.

ஆகவே ஊருக்குள் வண்டியை ஓட்டுவதற்கு முன் இடம் பேசிவிடுங்கள். புறம்போக்கு நிலம் காலியாக இருக்கிறதே என்று நிறுத்தினால் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி எழுப்பிவிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. நீர்நிலைகளுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. குடைவரையும் கல்வெட்டும் இருக்கும் பகுதியை ஒட்டி வண்டியை நிறுத்திச் சமைப்பது சட்டத்தையும் தாண்டி மரியாதைக் குறைவு. தனியார் தோப்போ களத்து ஓரமோ பேசி, வாடகை கொடுத்து, ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, பக்கத்துக் காவல் நிலையத்தில் ஆதார் நகல் கொடுத்துவிட்டால் மனம் லேசாகிவிடும். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது கட்டாயம்; குடும்பம் குடியிருக்கும் வீட்டின் கண்பார்வையில் வண்டி நிற்பதே நல்லது.

கீதாரியின் கிடை மாதிரி நீங்கள் ஊருக்குக் கொடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். காய்கறி, பால், முட்டையை அந்த ஊரிலேயே வாங்குங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர் பம்புசெட் ஸ்டார்ட்டரைப் பார்த்துக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு நீங்கள் வரும்போது "எங்கே காணோம்னு பார்த்தோம்" என்று கேட்பார்கள்.

பணக் கணக்கு

வாடகை மிச்சம் என்பது மட்டும் கணக்கல்ல. ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 9 கி.மீ. ஓடும் வண்டி, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,000 கி.மீ.க்கு ஏறத்தாழ 10,300 ரூபாய். மாதம் 4,000 கி.மீ. ஓடினால் 41,000-ஐத் தாண்டும். வேகமாக ஊர் சுற்றுவது செலவு. ஓர் ஊரில் இருபது நாள் தங்குவது சிக்கனம். 30 லட்சத்துக்கு வாங்கிய வண்டியை 15 ஆண்டு கழித்து 6 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் மட்டுமே மாதம் 13,000 ரூபாய்க்கு மேல். இதன் மேல் காப்பீடு, டயர், பேட்டரி, சுங்கம், இட வாடகை, பட்டறைச் செலவு. வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களில் உங்கள் வீடும் பட்டறையில் கிடக்கும். அப்போது தங்க லாட்ஜ் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்ற காசில் வண்டி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வீடு இருக்கும் மனை விலை ஏறக்கூடியது. வண்டியின் விலை இறங்கிக்கொண்டேதான் போகும். வீட்டை வாடகைக்கு விட்டு, ஓர் அறையை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில்தான் பத்திரங்களும் பழைய புகைப்படங்களும் உங்கள் விலாசமும் இருக்கும்.

உறவும் உடம்பும்

மகள் பிரசவத்துக்கு எங்கே வருவாள்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் எங்கே கூடுவார்கள்? ஒரு துக்கம் என்றால் ஊர் சனம் எந்த வாசலில் வந்து உட்காரும்? இவை உணர்ச்சிவசப்பட்ட கேள்விகள் போலத் தோன்றலாம். வண்டி வாழ்க்கையைத் தொடங்கிச் சலித்துத் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கழிப்பறையும் வெயிலும் பழகிவிட்டது, இதுதான் பழகவில்லை என்பார்கள். பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். "எங்களை விட்டுட்டுப் போறீங்களா?" என்று அவர்கள் நினைத்துவிடாதபடி, எந்த மாதங்களில் ஊரில் இருப்பீர்கள் என்று காலண்டரில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் முழுநேர வண்டி வாழ்க்கையைத் தள்ளிப்போடுங்கள். கோடை விடுமுறைகள் போதும். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போல ஒரே மருத்துவமனைக்கு அடிக்கடி போக வேண்டியவர்களும் அப்படியே. சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் தடையில்லை. இன்சுலின் இருக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

ஒத்திகை

எந்த வண்டியும் வாங்கும் முன் ஓராண்டு ஒத்திகை பாருங்கள்.

1. முதலில் வீட்டிலேயே ஒரு வாரம்: ஓர் அறை, இரண்டு மின்விசிறி, நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர், ஒற்றை அடுப்பு. எத்தனை முறை சண்டை வருகிறது என்று இருவரும் கவனியுங்கள்.
2. மே மாதத்தில் வாடகைக் கேரவனில் பத்து நாள், குடுமியான்மலை போன்ற ஓர் ஊரில்.
3. நவம்பரில் மறுபடி பத்து நாள், மழையில்.
4. ஒரு முறையாவது வண்டியோட்டுபவரை மாற்றி, மற்றவர் ஓட்டி, நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, கழிவு கொட்டிப் பார்க்க வேண்டும்.
5. மூன்று ஊர்களில் இடம் பேசி, வாடகை ஒத்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் வரலாம் என்ற வார்த்தையை வாங்குங்கள்.

முடிவெடுப்பது

ஒத்திகை முடிந்தபின் கீழ்க்கண்ட ஏழு கேள்விகளுக்கு இருவரும் தனித்தனியாகத் தாளில் விடை எழுதுங்கள். என் தபால் எங்கே போகும்? மே மாதம் எங்கே இருப்பேன்? புயல் வந்தால் எந்தக் கட்டடத்தில் தங்குவேன்? கழிவை எங்கே கொட்டுவேன்? நான் ஓட்ட முடியாமல் போனால் யார் ஓட்டுவார்? பிள்ளைகள் வந்து கூடும் வாசல் எது? வண்டியை விற்றுவிட்டுத் திரும்ப நேர்ந்தால் குடியேற இடமும் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் இருக்கிறதா?

ஏழுக்கும் தெளிவான விடை இருந்தால் துணிந்து கிளம்புங்கள். இந்த நாட்டின் கோயில்களையும் கண்மாய்களையும் மனிதர்களையும் அவசரமில்லாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை என்றே நம்புகிறேன். ஐந்துக்கோ ஆறுக்கோ மட்டும் விடை இருந்தால், வருடத்தில் ஆறு மாதம் வண்டி, ஆறு மாதம் வீடு என்று வையுங்கள். பலருக்கும் இதுவே பொருந்தி வரும். ஐந்துக்கும் குறைவு என்றால் வண்டி வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். இருவரின் விடைகளும் வேறுவேறாக இருந்தால், குறைவாக விடை எழுதியவரின் தாளையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.